இருபது வருடம் கழித்து மறுபடி சைக்கிள்: சென்னைத் தெருவில் ஓட்டத் தொடங்க முழு வழிகாட்டி

குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட தலைமுறை நாம். தெருமுனைக் கடையில் மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்து, நேரம் முடிவதற்குள் ஊரை இரண்டு சுற்று சுற்றிவிட்டு மூச்சு வாங்கத் திருப்பிக் கொடுத்தவர்கள். பிளஸ் டூ வரை பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள், கல்லூரிக்கு பஸ், வேலை கிடைத்ததும் தவணையில் ஒரு பைக், அதோடு சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய்விட்டது. எனக்கும் அப்படித்தான். 22 வருடம் கழித்து, 41 வயதில், மேற்கு மாம்பலத்தில் இருந்துகொண்டு மறுபடி ஏறினேன். இப்போது மூன்றாவது வருடம். வாரத்தில் நான்கு நாள் கோட்டூர்புரத்தில் இருக்கும் ஆபீசுக்கு சைக்கிளில்தான் போய்வருகிறேன்.

ஒருமுறை கற்றுக்கொண்டால் சைக்கிள் மறக்காது என்பார்கள், அது உண்மைதான். ஏறி ஐந்து நிமிடத்தில் பேலன்ஸ் வந்துவிடும். ஆனால் நாம் அன்று ஓட்டிய ரோடு இன்று இல்லை, அதனால் புதிதாகப் பழக வேண்டியது ரோட்டைத்தான். திரும்ப ஆரம்பிக்கிற பலர் முதலில் கடைக்கு ஓடி நல்ல சைக்கிளாக வாங்கிவிடுகிறார்கள், இரண்டாவது வாரம் மெயின் ரோட்டில் ஒரு பஸ் உரசிக்கொண்டு போகிறது, அதோடு அது துணி காயப்போடும் கம்பியாகிவிடுகிறது. ஆகவே நான் வரிசையை மாற்றிச் சொல்கிறேன். முதலில் வழி, அப்புறம் சைக்கிள்.

முதல் படி: வழியைக் கண்டுபிடியுங்கள்

பரங்கிமலையை விட்டால் சென்னை தட்டையான ஊர். ஏற்றம் என்றால் மேம்பாலமும் சப்வேயும்தான், அந்த விதத்தில் நமக்கு அதிர்ஷ்டம். ஆனால் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய், ரயில் தண்டவாளம் எல்லாமாகச் சேர்ந்து இந்த ஊரைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கின்றன. தெருவுக்குள் தெருவாக எவ்வளவு தூரம் போனாலும் கடைசியில் ஒரு பாலத்திலோ சப்வேயிலோ வந்து நிற்பீர்கள். அதனால் வழி தேடும்போது வீட்டு வாசலில் இருந்து தேடாதீர்கள். எங்கே கடக்க வேண்டும் என்று முதலில் பார்த்து, அந்த இடத்தில் இருந்து இரண்டு பக்கமும் பின்னோக்கித் தேடுங்கள்.

என் வழியையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு மாம்பலத்தில் இருந்து கோட்டூர்புரம் போக நான் மூன்றைக் கடக்க வேண்டும்: ரயில் பாதை, அண்ணா சாலை, அடையாறு. ரயில் பாதைக்கு துரைசாமி சப்வே இருக்கிறது, ஆனால் அது நேராக தி.நகர் கூட்டத்தில் கொண்டுபோய் விடும். அரங்கநாதன் சப்வே வழியாகப் போனால் சி.ஐ.டி. நகர்ப் பக்கம் வந்துவிடலாம், அங்கே மரம் அடர்ந்த உள் தெருக்கள் கிடைக்கின்றன. அண்ணா சாலையை நந்தனத்தில், சிக்னலில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் கடக்கிறேன், இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆற்றுக்கு கோட்டூர்புரம் பாலம். இந்த மூன்று புள்ளிகளும் முடிவான பிறகு நடுவில் எந்தத் தெரு என்பது தானாக அமைந்துவிட்டது. பைக்கில் போகும்போது இதே ஊரில் இந்தத் தெருக்களை நான் பார்த்ததே இல்லை.

போனில் மேப் காட்டுகிற வழி பெரும்பாலும் பைக்குக்கும் காருக்குமான வழி, பெரிய ரோட்டுக்கே இழுத்துக்கொண்டு போகும். அதில் உள் தெருக்களைப் பெரிதாக்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தோ பைக்கிலோ மெதுவாகப் போய்ப் பாருங்கள். முட்டுச் சந்து எது, ஒருவழிப் பாதை எது, மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்து அடைத்திருப்பது எது, நாய்க் கூட்டம் எந்த மூலையில் படுத்திருக்கிறது, பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது, எல்லாம் நேரில் போனால்தான் தெரியும். பள்ளிக்கூடம் இருக்கிற தெரு காலை எட்டு மணிக்கு வேறு தெரு. வேன்களும் ஆட்டோக்களும் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் அந்த நேரத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

தூரம் ஒரு கிலோமீட்டர் கூடினாலும் அமைதியான வழியையே எடுங்கள். கத்திப்பாரா மாதிரி பெரிய மேம்பாலச் சந்திப்புகளில் ஏறவே வேண்டாம். பல பக்கத்தில் இருந்து வண்டிகள் வந்து சேர்ந்து பிரிகிற இடத்தில் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறவனை யாரும் எதிர்பார்ப்பதில்லை. 2014இல் சென்னை மாநகராட்சி நடை, சைக்கிள் மாதிரி மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது, அதற்குப் பிறகு பாண்டி பஜார் உட்படப் பல இடங்களில் நடைபாதை நன்றாக அகலமாகியிருக்கிறது. எனக்கு அதில் உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் சைக்கிளுக்கென்று விடாமல் தொடரும் தனிப் பாதையை நம்பி இன்று வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது. நம் பாதையை நாம்தான் தைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது படி: சைக்கிள்

வீட்டில் பழைய சைக்கிள் இருந்தால் முதலில் அதைத் தூசி தட்டுங்கள். அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் பிஎஸ்ஏ, ஹெர்குலிஸ் வண்டிகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் நின்றுகொண்டிருக்கின்றன, அந்த இரும்பு பிரேம் அவ்வளவு சீக்கிரம் வீணாகாது. துரு மேலோட்டமாக இருக்கிறதா, பற்றவைத்த இடங்களில் விரிசல் விட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விரிசல் இருந்தால் விட்டுவிட வேண்டியதுதான். இல்லையென்றால் சைக்கிள் கடையில் ஓவராயில் செய்யக் கொடுங்கள். டயர், ட்யூப், பிரேக் கட்டை, பிரேக் ஒயர், இந்த நான்கையும் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள், பத்து வருடம் சும்மா கிடந்த ரப்பர் பிடிக்காது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைக் கழற்றி உள்ளே இருக்கும் பால்ரஸ் குண்டுகளுக்கு புது கிரீஸ் வைத்து, ரிம்மில், அதாவது சக்கர வளையத்தில், கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால் நான் செய்த தவறைச் செய்யாதீர்கள். முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்து, டிராக்டர் மாதிரி தடித்த டயர் போட்ட ஒன்றை, நம்ம ஊர்ப் பள்ளத்துக்கு இதுதான் சரி என்று ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு வாங்கினேன். 18 கிலோ. மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு அந்த ஸ்பிரிங்கை அமுக்கவே போய்விடும். ஒரு வருடம் தள்ளிவிட்டு விற்றேன். நகரத்துக்குள் பத்து கிலோமீட்டருக்குள் போய்வர, கியர் இல்லாத சாதாரண சைக்கிளே போதும், சுமார் 7,000 முதல் 10,000 ரூபாய்க்குள் கிடைக்கும். அதற்கு மேல் தூரம் என்றால், அல்லது வழியில் பாலம் நிறைய என்றால், ஹைபிரிட் என்று சொல்கிற ரகம் பாருங்கள்: ஸ்பிரிங் இல்லாத முன் போர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை), பின்னால் மட்டும் ஏழெட்டு கியர், 35 மில்லிமீட்டர் அகல டயர். இது 15,000 ரூபாயில் இருந்து தொடங்கும். எதை வாங்கினாலும் மட்கார்டும் ஸ்டாண்டும் கேரியரும் உண்டா என்று கேளுங்கள். விலையுயர்ந்த சைக்கிள்களில் இவை இருப்பதில்லை, தனியாக வாங்கிப் போட வேண்டும். புடவையோ சுடிதாரோ கட்டிக்கொண்டு ஓட்டுவதானால் செயினை முழுசாக மூடும் கவரும், நடுக்கம்பி தாழ்ந்த பிரேமும் அவசியம்.

கூடவே ஹெல்மெட், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, நல்ல மணி, பூட்டு. இதற்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள். ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நேராக உட்கார வேண்டும், தாடைப் பட்டைக்கு உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பின்னந்தலையில் தொப்பி மாதிரி போட்டுக்கொண்டு போனால் விழும்போது நெற்றிக்குப் பாதுகாப்பே இருக்காது.

மூன்றாவது படி: சீட்டை உயர்த்துங்கள்

சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் முட்டி வலியால் நிறுத்தியவர்களில் நிறையப் பேருக்குக் காரணம் இதுதான். சிறு வயதில் இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற உயரத்தில் வைத்துப் பழகிவிட்டோம், இப்போதும் அதையே கேட்கிறோம். அப்படி வைத்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி மடங்கியே இருக்கும், இரண்டாவது வாரத்தில் முட்டிச் சில்லைச் சுற்றி வலிக்கும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் உட்காருங்கள். செருப்போ ஷூவோ எதைப் போட்டு ஓட்டுவீர்களோ அதோடு, குதிகாலைப் பெடல் மேல் வைத்து, பெடலைக் கீழே முழுசாக இறக்குங்கள். கால் நேராக நீண்டிருக்க வேண்டும், அதே சமயம் இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அதுதான் உயரம். ஓட்டும்போது முன்பாதத்தை வைத்து மிதிப்பீர்கள், அப்போது முட்டி லேசாக மடங்கி இருக்கும். இப்போது நின்றால் விரல்நுனி மட்டும்தான் தரையைத் தொடும், பயமாக இருக்கும். ஆகவே ஒரே நாளில் ஏற்றாதீர்கள், வாரத்துக்கு ஒரு விரற்கடையாக ஏற்றுங்கள். சிக்னலில் நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகினால் உயரம் ஒரு பிரச்சினையே இல்லை.

கியர் சைக்கிள் என்றால் இன்னொன்று: கனமான கியரில் அழுத்தி மிதிப்பதுதான் உடற்பயிற்சி என்று நினைக்காதீர்கள். லேசான கியரில் நிமிடத்துக்கு 70, 80 சுற்று வேகமாகச் சுற்றுவதுதான் முட்டிக்கு நல்லது. சிக்னல் வரும்போது நிற்பதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள்.

நான்காவது படி: முதல் மூன்று வாரம்

சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சு சம்பந்தமான தொந்தரவு ஏதாவது இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

முதல் வாரம் வீட்டுக்குப் பக்கத்துத் தெருக்களிலேயே, காலை ஐந்தே முக்கால் மணிவாக்கில், 20 நிமிடம் போதும். வேகமோ தூரமோ இங்கே முக்கியமில்லை. மூன்று வேலைகள் கை வந்தாக வேண்டும். ஒன்று, வலது தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்ப்பது, அப்படிப் பார்க்கும்போது ஹேண்டில்பார் வலது பக்கம் இழுக்காமல் இருப்பது. ரோட்டில் ஒரு கோடு இருந்தால் அதன் மேல் ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்துப் பழகுங்கள். முதல் நாள் எனக்கு ஒரு முழம் விலகியது, ஐந்தாம் நாள் நின்றுவிட்டது. இரண்டு, ஒரு கையை எடுத்து சைகை காட்டுவது. மூன்று, பிரேக். முன் பிரேக்கில்தான் நிற்கும் பலம் அதிகம், ஆனால் அதை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் தூக்கி எறியும். இரண்டையும் சேர்த்து, உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, இறுக்கிக்கொண்டே போவது மாதிரி பிடியுங்கள். எந்தக் கை எந்த பிரேக் என்று உங்கள் சைக்கிளில் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரம் நீங்கள் கண்டுபிடித்த வழியில் ஞாயிறு காலை ஒரு முழு ஒத்திகை. மூன்றாவது வாரம் வேலை நாளில், ஆனால் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக. உட்காரும் இடத்தில் வலி முதல் பத்து நாள் இருக்கத்தான் செய்யும், எலும்பு பழக வேண்டும், மெத்தென்ற ஜெல் கவர் வாங்கி அதை மறைக்கப் பார்க்காதீர்கள்.

சிறு வயதில் கற்றுக்கொள்ளவே வாய்ப்புக் கிடைக்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை, முக்கியமாகப் பெண்களுக்கு. என் மனைவி 38 வயதில்தான் கற்றுக்கொண்டாள். பின்னால் யாரும் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு (இடது பெடலின் மரை தலைகீழ், கடையில் கழற்றச் சொல்லுங்கள்) சீட்டைத் தாழ்த்தி, தரையில் காலால் உந்தி உந்திப் போகப் பழகினால் நான்கைந்து நாளில் பேலன்ஸ் வந்துவிடும், அப்புறம் பெடலை மாட்டிக்கொள்ளலாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள், குவாரியில் வேலை செய்தவர்கள், வயல் வேலை செய்தவர்கள். வயதாகிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வரும்.

ஐந்தாவது படி: ரோட்டில் எங்கே ஓட்டுவது

ஓரமாகப் போனால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். ரொம்ப ஓரம்தான் ஆபத்து. மண், கண்ணாடித் துண்டு, மழைநீர் வடிகாலின் கம்பிமூடி, எதிர்த்திசையில் வருகிற பைக், எல்லாம் அங்கேதான். போதாததற்கு கார்க் கதவு. ஆரம்பித்த நான்காவது மாதம், எங்கள் பகுதியிலேயே ஒரு தெருவில், நிறுத்தியிருந்த காரின் டிரைவர் பக்கக் கதவு பின்னால் பார்க்காமல் திறந்தது. கதவு விளிம்பு ஹேண்டில்பாரில் பட்டு நான் வலது பக்கம் விழுந்தேன். பின்னால் எந்த வண்டியும் வராததால் முழங்கை தோலோடு போயிற்று. அன்றில் இருந்து நிறுத்திய கார்களை ஒரு மீட்டராவது தள்ளித்தான் கடக்கிறேன். காருக்குள் தலை தெரிகிறதா, பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்ததா என்று கண் தானாகப் பார்த்துவிடுகிறது. காலியான ரோட்டில் இடது ஓரத்தில் இருந்து ஒரு மீட்டர் உள்ளே, நேர்கோட்டில் ஓட்டுங்கள். கார்களுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளிக்குள் போய்ப் போய் வெளியே வராதீர்கள், பின்னால் வருகிறவருக்கு நீங்கள் திடீரென்று முளைத்த மாதிரி இருக்கும்.

பஸ் நிறுத்தத்துக்குள் திரும்பும் மாநகரப் பேருந்துக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் புகவே கூடாது, ஐந்து வினாடி நின்றுவிடுங்கள். ஷேர் ஆட்டோ கை காட்டின இடத்தில் நிற்கும், அதன் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தண்ணீர் லாரிதான். இடது பக்கம் திரும்பும்போது அதன் பின் சக்கரம் உள்வாங்கும், அந்தப் பக்கம் நிற்கும் சைக்கிள் டிரைவருக்குத் தெரியவே தெரியாது. சிக்னலில் பெரிய வண்டிக்கு இடது பக்கத்தில் நிற்காதீர்கள், முன்னால் டிரைவர் முகம் தெரிகிற இடத்திலோ நன்றாகப் பின்னாலோ நில்லுங்கள்.

பெரிய சந்திப்பில் வலது பக்கம் திரும்ப இரண்டு தவணை போதும். முதல் பச்சையில் நேராகக் கடந்து எதிர் மூலையில் நின்று, சைக்கிளை வலது பக்கம் திருப்பி வைத்து, அடுத்த பச்சைக்கு அங்கிருந்து நேராகப் போங்கள். ஒரு நிமிடம் கூடுதல், நடு ரோட்டில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. எதிர்த்திசையில் நாற்பதடிகூடப் போகாதீர்கள், காதில் எதையும் மாட்டாதீர்கள், பின்னால் வரும் வண்டியை நாம் காதால்தான் முதலில் பார்க்கிறோம்.

நாய் துரத்தினால் மிதித்துத் தப்பிக்கத் தோன்றும். வேகம் எடுத்தால் அதற்கும் வேகம் வரும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, நிதானமாகத் தள்ளிக்கொண்டு போங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆறாவது படி: வெயில், காற்று, மழை

ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழரைக்குள் போய்ச் சேர்ந்துவிடுவது மாதிரி கிளம்புங்கள். ஒரு மணி நேரம் ஓட்டினால் அரை லிட்டர் தண்ணீராவது உள்ளே போக வேண்டும், வெயில் காலத்தில் உப்புப் போட்ட மோர் அல்லது ஓஆர்எஸ் என்கிற உப்பு, சர்க்கரைக் கரைசல் இன்னும் நல்லது. தலை லேசாகச் சுற்றினால், வியர்வை நின்றுபோனால், அல்லது உடம்பு சில்லென்றால், உடனே நிழலில் இறங்கிவிடுங்கள்.

காற்று பற்றி யாரும் சொல்வதில்லை. ஊரில் இருந்து தெற்கே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் ஞாயிறு காலை ஓட்ட ஆசைப்படுவீர்கள், எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். கோடையில் காற்று தெற்கில் இருந்து அடிக்கும், போகும்போது கஷ்டம், திரும்பும்போது சுலபம். ஐப்பசி தொட்டு மார்கழி வரை வடக்கில் இருந்து வாடைக்காற்று, அப்போது தலைகீழ்: போகும்போது பறக்கிற மாதிரி இருக்கும், பத்து கிலோமீட்டர் போய்த் திரும்பினால்தான் எதிர்காற்று முகத்தில் அறையும். ஆகவே அந்தப் பருவத்தில் கால் களைக்கும்வரை போகாமல், பாதித் தெம்பு இருக்கும்போதே திரும்புங்கள்.

மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய தெருவில் ஓட்டக் கூடாது, ஒரே விதி. பள்ளமா திறந்த மேன்ஹோலா என்று மேலே இருந்து தெரியாது. சப்வேயில் தண்ணீர் ஏறிவிட்டால் என் வழியே அறுந்துவிடும், அன்றைக்கு மின்சார ரயில்தான். ஈரத்தில் ரிம் பிரேக் பிடிக்க இரண்டு மடங்கு தூரம் எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டு ஓட்டுங்கள், ரோட்டில் அடித்த வெள்ளைக் கோடும் இரும்பு மூடிகளும் வழுக்கும்.

ஏழாவது படி: ஆபீசும் பூட்டும்

வியர்வைதான் பலரையும் தடுக்கிறது. முதுகில் பை மாட்டாதீர்கள், கேரியரில் கட்டுங்கள், வியர்வை நன்றாகக் குறையும். கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி, போனதும் பத்து நிமிடம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, ஈரத் துண்டால் துடைத்துவிட்டுச் சட்டை மாற்றினால் போதும். பூட்டும்போது பிரேமையும் ஒரு சக்கரத்தையும் சேர்த்து, அசையாத ஏதாவது கம்பியோடு பூட்டுங்கள். வாட்ச்மேன் அண்ணனிடம் இரண்டு வார்த்தை பேசிவையுங்கள், என் சைக்கிளுக்கு நிழலான இடம் கிடைத்ததே அவரால்தான்.

எட்டாவது படி: பஞ்சரும் பராமரிப்பும்

வாரத்துக்கு ஒரு முறை காற்று. எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும், கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சொல்லாதீர்கள், மீட்டர் வைத்த தரை பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். காற்றுக் குறைவாக ஓட்டினால் பள்ளத்தில் ட்யூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும்.

மாற்று ட்யூப், இரண்டு பிளாஸ்டிக் லீவர், சின்ன பம்ப், பின் சக்கரம் போல்ட்டில் இருந்தால் அதற்கான ஸ்பேனர், இவ்வளவும் சீட்டுக்கு அடியில் ஒரு பையில். பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றி, மிச்சக் காற்றை இறக்கி, வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் லீவரைக் கொடுத்து டயரின் ஒரு விளிம்பை மட்டும் வெளியே எடுங்கள். ட்யூபை உருவிய பிறகுதான் முக்கியமான வேலை: டயரின் உள்பக்கம் முழுக்க விரலை மெதுவாக ஓட்டுங்கள், துணி வைத்து ஓட்டினால் இன்னும் நல்லது, விரல் கிழியாது. குத்திய முள்ளோ கண்ணாடியோ அங்கேயே இருக்கும். அதை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் அடுத்த தெருவில் மறுபடி நிற்பீர்கள், நான் ஆழ்வார்பேட்டையில் அப்படி நின்றிருக்கிறேன். புது ட்யூபில் உருண்டை வருகிற அளவுக்குக் கொஞ்சம் காற்று அடித்து உள்ளே வைத்தால் முறுக்கிக்கொள்ளாது. டயரைக் கடைசியில் லீவர் இல்லாமல் இரண்டு கட்டைவிரலாலேயே உள்ளே தள்ளுங்கள், லீவர் போட்டால் ட்யூபைக் கடித்துவிடும்.

இந்த ஊர் உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பழைய துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றித் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு செயின் எண்ணெய் விடுங்கள், தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பத்து நிமிடம் ஊறவிட்டு மேலே வழிகிற எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் மறுநாள் காலை பேண்டில் கறுப்பாக ஒரு பல்வரிசை பதிந்திருக்கும்.